"வீட்ல சொல்லிட்டு வந்தியா பெருசு?": வயதான ஓட்டுநர், திடீர் மயக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 69. திருச்சிவாசி. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கார் ஓட்டுகிறேன். போன மாதம் தில்லைநகர் பக்கம் ஒரு சிக்னலில் பச்சை விழுந்து இரண்டு வினாடி கழித்துக் கிளம்பினேன். பின்னால் பைக்கில் இருந்த பையன் பக்கத்தில் வந்து, "வீட்ல சொல்லிட்டு வந்தியா பெருசு? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எங்க மேல ஏத்திடாத" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். முதல் பாதி பழைய வசவு, யார் யாரையோ பார்த்து எல்லோரும் சொல்வது. இரண்டாம் பாதிதான் புதுசு. ஆனால் யோசித்துப் பார்த்தால் என் மகன், மருமகள், காலையில் கூட நடக்கும் நண்பர்கள் எல்லோரும் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். நான் டாக்டர் கிடையாது. இருபது வருஷ அனுபவமுள்ள சர்க்கரை நோயாளி, அவ்வளவுதான்.

வயதானவர்கள் ஓட்டினால் ஆபத்து அதிகம்தானே, இதில் என்ன விவாதம்?

பாதி சரி. முதலில் நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2022இல் இந்தியா முழுக்க 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். பத்து விபத்தில் ஏழுக்குக் காரணம் அதிவேகம் என்று எழுதியிருக்கிறார்கள். சரி, இது இறந்தவர்களின் வயது, ஓட்டியவர்களின் வயது இல்லை, அதனால் இதை வைத்து "பெருசுகள் எல்லாம் உத்தமர்கள்" என்று நான் கூத்தாட முடியாது. ஆனாலும் நம் சாலைகளில் ஆளைக் கொல்வது முக்கியமாக வேகம் என்பதில் சந்தேகமில்லை, வேகம் எங்கள் வயசுக்காரர்களின் வியாதியும் இல்லை.

ஓட்டிய மைலுக்கு எத்தனை விபத்து என்று கணக்குப் பார்த்தது அமெரிக்காவில். அங்கே விபத்து விகிதத்தைப் படமாகப் போட்டால் கிண்ணம் மாதிரி இருக்கும். பதினாறு, பதினேழு வயதில் உச்சத்தில் ஆரம்பித்து மெல்ல இறங்கி, அறுபதுகளில் அடிமட்டத்தில் கிடந்து, எழுபதைத் தாண்டியதும் மறுபடி ஏறத் தொடங்கும். எண்பதுக்கு மேல் ஓட்டுநர் சாவு விகிதம் நன்றாகவே ஏறிவிடும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே மாதிரி இடியில் இருபது வயதுப் பையன் விலாவைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவான், எண்பது வயதுக்காரருக்கு அதே விலா எலும்பு நொறுங்கி நுரையீரலில் குத்தும். 2003இல் அமெரிக்காவில் இதைப் பிரித்துப் பார்த்தபோது, வயதான ஓட்டுநர்களின் கூடுதல் சாவுக்குப் பெரும்பங்கு காரணம் உடம்பு தாங்காததுதான், அதிகமாக மோதியது இல்லை என்று தெரிந்தது. செத்துப் போனதற்கும் சேர்த்து எங்களைத்தான் மோசமான ஓட்டுநர் என்கிறீர்கள்!

சறுக்கும் இடம் எங்களுக்கும் உண்டு. நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பும்போது எதிரே வருகிறவன் எவ்வளவு வேகத்தில் வருகிறான் என்பதைக் கணிப்பதில் தப்பு வரும். எனக்கும் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அதை விடுங்கள். ஓட்டும்போதே மாரடைப்பு வந்து மயங்கிவிட்டால்?

எல்லோர் மனதிலும் இருக்கும் படம் இதுதான். நரைத்த தலை ஸ்டியரிங்கில் சாய்கிறது, ஹாரன் நிற்காமல் அலறுகிறது, கார் நடைபாதையில் ஏறுகிறது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு அபூர்வம் என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2005 முதல் 2007 வரை நடந்த விபத்துகளில் காரணம் தேடி ஆராய்ந்தபோது, ஓட்டுநருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனதால் நடந்தவை 1.3 சதவீதம்.

அந்த 1.3க்குள் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். முதலிடம் வலிப்பு, 35 சதவீதம். அடுத்து நினைவு தப்புதல், 29. மூன்றாவது சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் தடுமாற்றம், 20. இந்த மூன்றிலேயே 84 வந்துவிட்டது. நாம் எல்லோரும் பயப்படும் மாரடைப்பு இதற்கெல்லாம் பின்னால் நிற்கிறது. காரணம் யோசித்தால் புரியும். மாரடைப்பு பெரும்பாலும் ஸ்விட்ச் அணைத்த மாதிரி வருவதில்லை. நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை வலி, தாடை வலி என்று சில நிமிஷமாவது அவகாசம் கொடுக்கும். நம் ஊர் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் நெஞ்சு வலியோடு வண்டியை ஓரங்கட்டி, பயணிகளைக் காப்பாற்றிவிட்டுத் தாங்கள் சரிந்த செய்திகளைப் படித்திருப்பீர்களே, அந்த அவகாசம்தான் அது. இதயத் துடிப்பின் தாளமே திடீரென்று கெட்டால் மட்டும் எச்சரிக்கை கிடைக்காது.

இப்படித் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகும் விகிதாசாரம் வயதானவர்களிடம் கூடுதல் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, எனக்கு வசதியில்லை என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2024 நவம்பரில் பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தில் மாரடைப்பால் சரிந்த ஓட்டுநருக்கு வயது நாற்பது போலத்தான். நடத்துநர் பாய்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை நிறுத்தியதைக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது. அதற்கப்புறம் "நாற்பது வயசுக்காரனுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை.

ஜப்பானில் ஒரு தாத்தா காரை ஏற்றித் தாயையும் குழந்தையையும் கொன்றாரே?

இக்கெபுகுரோ விபத்து. 2019 ஏப்ரல் 19, டோக்கியோ. ஓட்டியவருக்கு 87 வயது, பெரிய அரசுப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 31 வயதுத் தாயும் 3 வயது மகளும் இறந்தார்கள். காரில்தான் கோளாறு என்று விசாரணை முடியும் வரை சாதித்தார், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார் என்று நீதிமன்றம் சொல்லி 2021 செப்டம்பரில் ஐந்து வருஷம் சிறை கொடுத்தது. ஜப்பானே குலுங்கிப் போனது. அந்த வருஷம் மட்டும் ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அங்கே மயக்கமும் இல்லை மாரடைப்பும் இல்லை. மிதி மாறியது.

இப்போது அதே நாட்டில் இன்னொன்று. 2011 ஏப்ரல் 18, கனுமா என்ற ஊர். பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் கிரேன் லாரி ஏறியதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. அவருக்கு வயது 26. வலிப்பு இருப்பதை மறைத்து லைசென்ஸ் வாங்கியிருந்தார், மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை. பெற்றோர்கள் விடாமல் போராடியதில் சட்டமே மாறியது, நோயை மறைத்துப் பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கினால் தண்டனை என்று 2014இல் அமலுக்கு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திடீர் உடல்நலக் கோளாறால் நடந்த விபத்து 26 வயதுக்காரருடையது. 87 வயதுக்காரருடையது வேறு பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு. நாம் என்னடாவென்றால் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே "கிழவர்" என்று எழுதி ஒட்டிவிடுகிறோம்.

அப்போது வயதைப் பார்க்காமல் எதைப் பார்க்க வேண்டும்?

முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும், அது வெளியே சொல்லப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம், 2014 டிசம்பர் 22, கிறிஸ்துமஸ் கூட்டம். மாநகராட்சிக் குப்பை லாரியின் ஓட்டுநர் நினைவு தப்பி, வண்டி கூட்டத்துக்குள் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 58. விசாரணையில் வெளிவந்தது என்னவென்றால், 2010இல் அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தபோதே நிறுத்தத்தில் நின்ற பேருந்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே மயங்கியிருக்கிறார். அதை டாக்டரிடம் மாற்றிச் சொன்னார், லைசென்ஸ் அதிகாரிகளிடம் சொல்லவே இல்லை, குப்பை லாரி வேலைக்குச் சேரும்போதும் மறைத்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறு பேர் இருந்திருப்பார்கள்.

ஏன் மறைக்கிறார்கள்? வேலை போகும், லைசென்ஸ் போகும் என்ற பயம்தான். நம் நாட்டு விதியை எடுத்துக்கொள்ளுங்கள், வலிப்பு இருக்கிறது என்று படிவத்தில் எழுதினால் லைசென்ஸே கிடையாது, பத்து வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை என்றாலும். பிரிட்டனில் ஒரு வருஷம் வலிப்பு இல்லாமல் இருந்தால் கார் ஓட்ட விடுகிறார்கள். இங்கே நரம்பியல் மருத்துவர்கள் மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னவனுக்குக் கதவை அடைத்தால் அடுத்தவன் எதற்குச் சொல்வான்?

வயசானவர்கள் விஷயத்தில் குடும்பமே அந்த லைசென்ஸ் ஆபீஸ் மாதிரி நடந்துகொள்கிறது. லேசாகத் தலை சுற்றியது என்று அப்பா வாயைத் திறந்தால் சாயங்காலமே சாவியைப் பிடுங்குவார்கள் என்று தெரிந்தால், அவர் சொல்ல மாட்டார்.

நீங்கள் எதையும் மறைத்ததில்லையா?

மறைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஹோமம் நீண்டுகொண்டே போனது, பந்தி போடவில்லை, காபி மட்டும்தான், அதுவும் சர்க்கரை இல்லாமல். ஊரில் வேறு வேலை இருந்ததால் சாப்பிடாமலே வண்டியை எடுத்துவிட்டேன். வல்லம் தாண்டியதும் முன்னால் போகும் லாரி மேல் காரணமில்லாமல் கோபம் கோபமாக வந்தது, ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறேன். பக்கத்தில் என் மனைவி, "என்னங்க, ஏசி போட்டும் சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கு? ஓரமா நிறுத்துங்க" என்கிறாள். எனக்கு அவள் பேசுவது கேட்கிறது, ஆனால் அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்பது உறைக்கவில்லை. இரண்டு மூன்று தடவை அதட்டிய பிறகுதான் நிறுத்தினேன். தாம்பூலப் பையைப் பிரித்து அதிலிருந்த கற்கண்டை என் வாயில் போட்டாள். கால் மணி நேரத்தில் உலகம் பழையபடி ஆனது. ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்து போயிருந்தது, லோ சுகர் என்பது இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பையன்கிட்ட சொல்லிடாதே." இரண்டு வாரம் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் காரை ஓட்டினேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் டாக்டரிடம் போனபோது அவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், விஷயம் அவ்வளவு எளிது. சொல்லாமல் இருந்ததுதான் ஆபத்தாக இருந்தது.

சர்க்கரை இருந்தால் கார் ஓட்டலாமா கூடாதா?

ஓட்டலாம். ஆனால் என்ன மாத்திரை என்று தெரிந்து ஓட்ட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவை போடுகிறவர்கள், இன்சுலின் எடுக்கிறவர்கள், இவர்களுக்குத்தான் எச்சரிக்கை. ரத்தச் சர்க்கரை அளவு எழுபதுக்குக் கீழே போனால் லோ சுகர். பிரிட்டனில் இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்வது: கிளம்புவதற்கு முன் பார், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கொரு தடவை பார், நம் கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டு. ஓட்டும்போதே குறைந்துவிட்டால் நிறுத்தி, சரிசெய்து, சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்த பிறகும் முக்கால் மணி நேரம் வண்டியைத் தொடாதே, ஏனென்றால் ரத்தத்தில் ஏறினாலும் மூளை தெளிய நேரமாகும்.

கைவசம் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருக்கட்டும், மூன்று டீஸ்பூன் போதும், கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லெட், லட்டு எல்லாம் கொழுப்போடு சேர்ந்து மெதுவாகத்தான் ஏறும்.

இதில் பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று உண்டு. பல வருஷ நோயாளிகளுக்கு நடுக்கம், படபடப்பு என்ற எச்சரிக்கை மணியே மங்கிப் போகும். பி.பி.க்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரொலால் வகை மாத்திரை சாப்பிட்டால் அந்தப் படபடப்பு இன்னும் அடங்கிவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். என் மனைவி பார்த்தது அதைத்தான். ஏகாதசி விரதம், கோயில் வரிசை, முகூர்த்த நாள், ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் போவது, இந்த நாட்களில் வேறு யாராவது ஓட்டட்டும்.

ஒரே ஒரு தடவை மயங்கினார், அதற்கும் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா?

எப்படி மயங்கினார் என்பதைப் பொறுத்தது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும், ராத்திரி சிறுநீர் கழிக்கப் போனபோதும், வெயிலில் நெடுநேரம் நின்றபோதும் வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால். பி.பி. மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேரும்போது இது சகஜம், டாக்டர் அளவை மாற்றித் தருவார். உட்கார்ந்திருக்கும்போதே, எந்த அறிகுறியும் இல்லாமல், விளக்கை அணைத்த மாதிரி போனால் அது வேறு ஜாதி. இதயத் தாளக் கோளாறோ வலிப்போ இருக்கலாம். கார் ஓட்டுவதும் உட்கார்ந்து செய்யும் வேலைதானே. அந்த வகை மயக்கம் ஒரே தடவை வந்தாலும் காரணம் தெரியும் வரை சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், 30 வயசானாலும் 70 வயசானாலும். ஐந்து நிமிஷம் வாய் கோணியது, கை மரத்தது, அப்புறம் சரியாகிவிட்டது என்றாலும் அலட்சியம் வேண்டாம், பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக வருவது அது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூடவே, சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும். எத்தனையோ பேர் மூக்கு ஒழுகுகிறது என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் தூங்கி வழிகிறார்கள். சத்தமாகக் குறட்டை விட்டுப் பகலெல்லாம் கண் சொக்குகிறவர்களும் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லாரி ஓட்டும் நடுவயதுக்காரர்களுக்கு இது நிறைய.

இந்தியாவில் லைசென்ஸுக்கு வயது உச்சவரம்பு உண்டா?

கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கணக்கு இப்படி: முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வரை, முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் பத்து வருஷம், ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் அறுபது வயது வரை, ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நாற்பது தாண்டினால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ தேவை. கேள்விகள் நல்ல கேள்விகள்தான். வலிப்பு உண்டா, தலைச்சுற்றல் உண்டா, இருபத்தைந்து மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா. ஆனால் நடப்பது என்ன? நான் கடைசியாகப் புதுப்பித்தபோது எனக்குச் சான்றிதழ் கொடுத்த டாக்டரை நான் பார்க்கவே இல்லை. வாசலில் இருந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், கையெழுத்தோடு வந்தார். சர்க்கரை இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பினாலே இந்தப் பக்கத்தில் பாதியை நான் எழுத வேண்டியிருக்காது.

உடம்பு தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓட்டும்போதே ஏதோ செய்கிறது. என்ன பண்ணுவது?

இடது இண்டிகேட்டர், ஓரம், நிறுத்தம், நான்கு விளக்கும் மினுக்கட்டும், 108. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஆஸ்பத்திரி வந்துடும்" என்று நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்ய முடியும்?

நிறைய. என் மனைவி முப்பது வருஷமாக என் இடது பக்கம் உட்கார்ந்து வருகிறாள், ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. வல்லத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானத்தில், மெதுவாக ஓட்டிப் பழக்கினேன்.

முதலில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக வைக்க வேண்டும். சாய்ந்து கிடப்பவரின் கால் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கலாம், காலை இழுக்கக் குனிந்தால் ரோடு தெரியாது. அதனால் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். இன்ஜின் கத்தும், கத்தட்டும், வண்டிக்கு வேகம் ஏறாது. ஆட்டோமேட்டிக்கிலும் பெரும்பாலான வண்டிகளில் ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளிவிட முடியும். அப்புறம் ஹேண்ட் பிரேக். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும், பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். சாவியை மட்டும் உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

வண்டி நின்றதும் ஆளுக்கு மூச்சும் நினைவும் இல்லை என்றால் சீட்டில் வைத்தே நெஞ்சை அழுத்திப் பயனில்லை, கீழே கெட்டித் தரையில் கிடத்தி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை. ரோட்டில் போகிறவர்கள் உதவப் பயப்பட வேண்டாம், விபத்தில் உதவியவரை வழக்கில் இழுக்க முடியாது என்று 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தரலாமா?

முழங்கால் வலிக்காரர்களுக்கு வரம்தான். ஆனால் நாற்பது வருஷம் கிளட்ச் மிதித்த கால் அவசரத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. கியர் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் தப்பாக மிதித்தாலும் இடது கால் பழக்கத்தில் கிளட்சை அமுக்கிக் காப்பாற்றிவிடும், ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காவல் இல்லை. மிதி மாறும் தப்பு அமெரிக்கக் கணக்குப்படி வயதின் இரண்டு முனையிலும் அதிகம், இருபதுக்குக் கீழேயும் எழுபத்தைந்துக்கு மேலேயும். வாங்கிக் கொடுங்கள், ஆனால் ஐம்பத்தைந்து வயதில் வாங்கிக் கொடுங்கள், எழுபத்தைந்தில் வேண்டாம்.

அப்பாவை ஓட்ட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

என் மகன் சொன்ன விதத்தில் சொல்லாதீர்கள். பெங்களூரிலிருந்து வீடியோ காலில், "உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையாப்பா? சாவியைக் குடுத்துடுங்க" என்றான். மூன்று நாள் நான் பேசவில்லை.

மருமகள் கெட்டிக்காரி. பொங்கலுக்கு வந்தபோது, "மாமா, மார்க்கெட்டுக்குப் போகணும், நீங்களே ஓட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அரை மணி நேரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்து, "பகல்ல நல்லா ஓட்டுறீங்க மாமா. எதிர்ல லைட் வந்தா கண்ணைச் சுருக்குறீங்க, கண் டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்றாள். கண்புரை. இரண்டு மாதத்தில் ஆபரேஷன் முடிந்தது. அதே மருமகள் வீட்டு வாசலில் இருபத்தைந்து மீட்டர் அளந்து நிற்க வைத்து எதிர்வீட்டுக் கார் நம்பரைப் படிக்கச் சொன்னாள். நீங்களும் செய்து பாருங்கள், காசில்லாத சோதனை. கண்ணில் பிரஷர் நோய் இருப்பவர்களுக்கு மட்டும் இது போதாது, அவர்களுக்கு நேர்ப்பார்வை நன்றாக இருந்துகொண்டே பக்கப் பார்வை சத்தமில்லாமல் சுருங்கும்.

சாவியைப் பிடுங்குவதானால் அதற்கு மாற்றாக என்ன தருகிறீர்கள் என்றும் யோசியுங்கள். வங்கி, கோயில், ஆஸ்பத்திரி, பேத்தியின் டியூஷன், இதெல்லாம் எப்படி நடக்கும்? சென்னையில் மூத்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் கொடுக்கிறார்கள், நல்லதுதான், அந்தப் படியில் ஏற முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே.

நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள்?

ராத்திரி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். நாலு வழிச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போவதில்லை. காரணம் தெரியாத கீறல் காரில் இரண்டாவது தடவை வந்தாலோ, பழகிய ரோட்டில் வழி தப்பினாலோ, உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை நினைவு தப்பினாலோ சாவி மருமகள் கைக்குப் போகும் என்று அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். வருஷக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. முதல் கீறல் ஏற்கெனவே விழுந்தாயிற்று. அபார்ட்மென்ட் தூண்தான் காரணம், எனக்குத் தெரியும், அதனால் அது சேராது என்று நான் சொல்கிறேன், அவள் சேரும் என்கிறாள்.

காரில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

சர்க்கரை பார்க்கும் மிஷின், மாத்திரைப் பெயர்களும் ரத்த வகையும் எழுதிய அட்டை, தண்ணீர், டாஷ்போர்டுக்குள் ஆரஞ்சு வாசனை குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு. வாராவாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, பேத்தி டியூஷனுக்குப் போகும் வழியில் தின்றுவிடுகிறாள்.